கிறிஸ்துமஸ் வான்கோழி: முழுசாக ஓவனில் வைப்பதா, வெட்டிச் சமைப்பதா?

செந்தூல்வாசி | 14 டிசம்பர், இரவு 9.10

இந்த வருசம் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். மாமியார் வீட்டு ஆட்கள், எதிர்வீட்டு மலாய்க் குடும்பம், வேலையிட நண்பர்கள் என்று இருபது பேராவது வருவார்கள். 5 கிலோ வான்கோழி ஒன்று வாங்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். இறக்குமதிச் சரக்கு, ஹலால் முத்திரை பார்த்துத்தான் எடுத்தேன். ஓவன் 60 லிட்டர்.

என் திட்டம் முழுப் பறவை. தோலுக்கடியில் வெண்ணெய், பூண்டு, மிளகு தடவி 165 டிகிரியில் மூன்று மணி நேரம். என் தங்கையோ, "வெட்டிப் பெரட்டல் போடு, சட்டியில் ஒன்றும் மிஞ்சாது" என்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. வருசத்தில் ஒரு நாள் மேசை நடுவில் முழுப் பறவை வந்து உட்கார வேண்டும். பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறார்கள். வெட்டிவிட்டால் அது இன்னொரு கோழிக்கறிதானே?

முழுசாக வைத்தவர்கள், வெட்டிச் சமைத்தவர்கள், வேறு வழி தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

கறிவேப்பிலை | 14 டிசம்பர், இரவு 9.48

தம்பி, நான் உங்கள் தங்கை பக்கம். பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கிறேன். டிசம்பரில் வான்கோழி கேட்டு வருகிறவர்களுக்கு முழுசாகச் செய்து தருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நெஞ்சுக்கறியும் காலும் ஒரே பறவையில் இருந்தாலும் இரண்டும் வேகிற விதம் வேறு. நெஞ்சில் கொழுப்பு மிகக் குறைவு. உள்ளே 70 டிகிரியைத் தாண்டிப் போகப் போகத் தண்ணீர் முழுக்க வெளியேறி நார்நாராகிவிடும். கால் நேர் எதிர். நடந்து நடந்து இறுகிய தசை, நிறைய ஜவ்வு. 80 டிகிரி வரை போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் அந்த ஜவ்வு கரைந்து கறி எலும்பை விடும். முழுப் பறவையை ஓவனில் வைத்தால் காலுக்காகக் காத்திருந்து நெஞ்சைக் கெடுக்கிறோம், அல்லது நெஞ்சுக்காக இறக்கிவிட்டுக் காலை ரப்பர் மாதிரி பரிமாறுகிறோம். கிறிஸ்துமஸ் வான்கோழி என்றாலே "வறண்டு போயிருக்கும்" என்று நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்களே, அதற்கு வேறு காரணமே கிடையாது.

கால்களையும் இறக்கைகளையும் தனியாக எடுங்கள். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, கறித்தூள் போட்டுச் சிறு தீயில் மூடி வேக வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். கடைசியில் தண்ணீர் சுண்டியதும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பெரட்டி எடுங்கள். நெஞ்சை எலும்போடு ஓவனில் வைத்துத் தனியாக வாட்டி, துண்டு போட்டுப் பரிமாறுங்கள். இரண்டும் அதனதன் பக்குவத்தில் வரும். இன்னொன்று: எலும்போடு ஆளுக்கு அரைக் கிலோ என்பதுதான் பொதுக் கணக்கு. 5 கிலோ பறவை பத்துப் பேருக்குத்தான் காணும். பெரட்டல் என்றால் சோற்றோடு இருபது பேருக்கும் எட்டும்.

கரியடுப்பு | 14 டிசம்பர், இரவு 10.22

அக்கா சொல்லும் வெப்பக் கணக்கு சரி. அதற்காக வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முழுப் பறவையில் காலுக்கு அதிகச் சூடும் நெஞ்சுக்குக் குறைந்த சூடும் கொடுக்க வழி இருக்கிறது, கரி இருந்தால்.

நான் இருப்பது புக்கிட் மெர்தாஜாமில், தரைவீடு. மூடி போட்ட உருண்டை அடுப்பு. இரண்டு ஓரங்களிலும் கரி, நடுவில் தண்ணீர் ஊற்றிய தட்டு, அதற்கு மேலே கம்பியில் பறவை. தொடைகள் கரிப் பக்கம் பார்க்க வேண்டும், நெஞ்சின் மேல் முதல் ஒரு மணி நேரம் அலுமினியத் தாள். மூடியின் துளையைத் திருகி உள்ளே 170 டிகிரி வாக்கில் வைத்துக்கொண்டால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். இடையில் கரி சேர்க்க வேண்டும். கோலா செபெத்தாங் பக்கம் சுடுகிற பாக்காவ் (சதுப்புநிலக் காட்டு) மரக்கரி வாங்குங்கள். நின்று எரியும், சூடு இறங்காது. புகை ஏறிய தோலின் மணம் எந்த ஓவனிலும் வராது. வெளியே சமைப்பதால் வீட்டு ஓவன் கேக்குக்கும் மற்றதுக்கும் மிச்சம்.

செந்தூல்வாசி | 14 டிசம்பர், இரவு 10.31

அண்ணே, நான் இருப்பது பதினெட்டாவது மாடி. பால்கனியில் கரி மூட்டினால் நிர்வாகம் என்னை விட்டுவைக்காது. அதோடு இந்த மாதம் கோலாலம்பூரில் மதியம் ஆனால் மழை.

எண்ணெய்ச்சட்டி | 14 டிசம்பர், இரவு 11.05

பொரித்த வான்கோழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் டெக்சஸில் வேலை பார்த்தவன், இப்போது கெப்போங்கில். அங்கே நவம்பர் நான்காவது வியாழன் நன்றி நாள். லூசியானா, டெக்சஸ் பக்கம் பல வீடுகளில் அன்றைக்குப் பறவை போவது ஓவனுக்குள் அல்ல, எண்ணெய்க்குள். 175 டிகிரி எண்ணெயில் கிலோவுக்கு எட்டு நிமிடம் வாக்கில் வைத்தால் போதும். உங்கள் 5 கிலோ முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சூடு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் இறங்குவதால் நெஞ்சுக்கு வறள நேரமே கிடைக்காது. தோல் அப்பளம்போல் நொறுங்கும்.

அவர்கள் கடலை எண்ணெய் ஊற்றுவார்கள். நமக்குச் செம்பனை எண்ணெய் இருக்கிறது, அந்தச் சூட்டைத் தாராளமாகத் தாங்கும். எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்று பார்க்க, முதலில் பறவையைச் சட்டியில் வைத்து அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். பறவையை எடுத்துவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுதான் எண்ணெய். பிறகு சட்டியையும் பறவையையும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஓவன் முன்னால் நிற்பதை விட இது எவ்வளவோ மேல்.

வெப்பமானி | 15 டிசம்பர், காலை 7.40

எண்ணெய்ச்சட்டி அண்ணன் சொன்னதில் ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்டவர் பதினெட்டாவது மாடியில் இருக்கிறார்.

உள்ளே கொஞ்சம் பனிக்கட்டி மிச்சம் இருக்கும் பறவையை 175 டிகிரி எண்ணெயில் இறக்கினால் அந்தத் தண்ணீர் நொடியில் ஆவியாகிறது. தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் பிடிக்கும். எண்ணெய் பொங்கி விளிம்பு தாண்டி அடியில் எரியும் நெருப்பில் விழும். அமெரிக்காவில் நன்றி நாள் வந்தாலே தீயணைப்புத் துறைகள் இதைப் பற்றி எச்சரிக்கை விடுவது வழக்கம். அங்குள்ள தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் வான்கோழி பொரிப்பதையே ஊக்குவிப்பதில்லை. திறந்த வெளி, சமதரை, சுவரிலிருந்து விலகிய இடம், பறவையை இறக்கும் நேரத்தில் அடுப்பை அணைப்பது: இத்தனையும் இருந்தால் ஒருவேளை. அடுக்குமாடியில் இந்தப் பேச்சே வேண்டாம். பால்கனி திறந்த வெளி ஆகாது.

அடுத்து, எந்த முறையில் சமைத்தாலும் பொருந்துகிற ஒன்று. நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் ஊரில் கறியை உருக வைப்பது என்றால் காலையில் சிங்க்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது. கோழித் துண்டுகளுக்கே அது நல்லதில்லை. 5 கிலோ வான்கோழிக்கு ஆபத்து. நடுவில் கல்லாக இருக்கும்போதே வெளிக்கறி 30 டிகிரிக்கு வந்து மணிக்கணக்கில் நிற்கும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகுகின்றன. நம் அடுக்களை அதற்கு நட்ட நடுவில் இருக்கிறது.

ஐஸ் பெட்டியின் (ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் இல்லை) கீழ்த்தட்டில் தட்டு வைத்து உருக விடுங்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோவுக்கு மூன்று நாள். மறந்துவிட்டால், உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முழுக்கி அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். ஐந்தரை மணி நேரம் ஆகும், முடிந்த கையோடு சமைத்துவிட வேண்டும். குழாயடியில் பறவையைக் கழுவாதீர்கள். தெறிக்கும் தண்ணீர் கிருமியைச் சிங்க் முழுக்கப் பரப்புகிறது. வெந்ததா என்பதைச் சாற்றின் நிறம் சொல்லாது. தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டர் குத்தி 74 டிகிரி பாருங்கள். நெஞ்சிலும் அதே.

பழைய_கிள்ளான்_சாலை | 15 டிசம்பர், காலை 11.15

எல்லாரும் ஓவனையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கள் அம்மா காலத்தில் தோட்டத்து வீட்டில் ஏது ஓவன்? பண்டிகைக்கு முழுக் கோழியை அண்டாவில் தம் போட்டுத்தான் இறக்குவார்கள். நான் வான்கோழியையும் அப்படித்தான் செய்கிறேன்.

தயிர், இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகாய்த்தூள், கரம் மசாலா அரைத்துப் பறவை முழுக்கத் தடவி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். அண்டா அடியில் வெங்காயமும் செராய் (எலுமிச்சைப்புல்) தண்டும் பரப்பி, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, பறவையை அதன்மேல் உட்கார வைத்து, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மிகச் சிறிய தீயில் இரண்டு மணி நேரம். வயிற்றுக்குள் பிரியாணிச் சோறும் முட்டையும் அடைப்பேன். அந்தச் சோறு கறியின் சாறைக் குடித்து வரும் பாருங்கள், அதற்கே வீட்டில் சண்டை. ஆவியிலேயே வேகிறது, வறட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

கறிவேப்பிலை | 15 டிசம்பர், மதியம் 12.02

அம்மா, உங்கள் மசாலாவில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆவியில் வெந்தால் வறளாது என்பது சரியில்லை. கறி வறள்வது வெளிக்காற்று பட்டு அல்ல, உள்ளே சூடு ஏறி. தசை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளுகிறது. குழம்பில் மூழ்கிக் கிடக்கும் கோழி நெஞ்சே அதிகம் வெந்தால் சக்கையாகிறதே, பார்த்ததில்லையா? மூடிய அண்டாவுக்குள் ஆவி 100 டிகிரி. இரண்டு மணி நேரத்தில் நெஞ்சு 74-ஐத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். காலுக்கு உங்கள் முறை அருமை. நெஞ்சுக்கு இல்லை.

வெப்பமானி | 15 டிசம்பர், மதியம் 12.40

வயிற்றுக்குள் சோறு அடைப்பது பற்றி: பச்சைக் கறியின் சாறு சோற்றில் இறங்குகிறது. அதனால் சோற்றின் நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும். அது தொடுவதற்குள் நெஞ்சு முடிந்துவிடும். ரொட்டித்தூள் அடைக்கும் வெள்ளைக்காரர் வீட்டிலும் இதே தொல்லைதான். சோற்றைத் தனியாகச் சமைத்து, பறவையிலிருந்து வடிந்த சாற்றைக் கொதிக்க வைத்து மேலே ஊற்றிக் கிளறுங்கள். ருசி ஏறக்குறைய அதே, பயம் இல்லை.

பழைய_கிள்ளான்_சாலை | 15 டிசம்பர், மதியம் 1.20

ஏறக்குறைய அதே இல்லை மகளே. உள்ளே வெந்த சோற்றின் ருசி தனி. சோற்றை நான் சுடச்சுடத்தான் அடைக்கிறேன், பச்சைத் தண்ணீர்ச் சோறு இல்லை. ஆனாலும் 74 வருகிறதா என்று இந்த முறை குத்திப் பார்க்கிறேன். வராவிட்டால் எடுத்து ஆவியில் வைப்பேன். அடைப்பதை மட்டும் விட மாட்டேன்.

தீவுக்காரி | 15 டிசம்பர், மாலை 6.35

பினாங்கிலிருந்து வணக்கம். இவ்வளவு பேசிவிட்டு உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! வெட்டினாலும் முழுசாக வைத்தாலும் வறட்சியைக் குறைப்பது உப்புதான். முந்தின நாளே உப்பு உள்ளே இறங்கினால் தசைப் புரதம் கொஞ்சம் கரைந்து இளகும். சூட்டில் அவ்வளவாகச் சுருங்காது. தண்ணீர் உள்ளேயே நிற்கும். வெறும் மசாலாவும் தயிரும் மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும், கறிக்குள் ஆழமாகப் போவது உப்பு மட்டும்தான்.

நான் உப்புத் தண்ணீர்க் கட்சி. லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கொஞ்சம் சீனி, மிளகு, பட்டை, கஸ்தூரி எலுமிச்சைத் தோல். ஒரு ராத்திரி முழுக்கி வைத்தால் நெஞ்சு பஞ்சாக வருகிறது.

ஒன்று மட்டும் கவனம். உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நிறைய இறக்குமதிப் பறவைகளில் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் மறுபடி உப்புத் தண்ணீரில் போடக் கூடாது, கருவாடாகிவிடும்.

கரியடுப்பு | 15 டிசம்பர், இரவு 8.14

தங்கச்சி சொன்ன உப்புத் தண்ணீரை ஏற்கவில்லை. 5 கிலோ பறவை முழுக 7, 8 லிட்டர் தண்ணீர். அந்த அண்டாவை 4 டிகிரிக்குக் கீழே எங்கே வைப்பது? பண்டிகை நேரத்தில் ஐஸ் பெட்டியில் புட்டுக்கு இடமில்லை. மீன் பெட்டியில் ஐஸ் கொட்டி வைப்பேன் என்பார்கள். நம் சூட்டில் ராத்திரி எழுந்து எழுந்து ஐஸ் போட வேண்டும். அதோடு தோல் தண்ணீர் குடித்துவிடுகிறது, மொறுமொறுப்பே வராது. நெஞ்சு பஞ்சாக வருகிறது என்கிறீர்கள். அது குடித்த தண்ணீர். கறியின் ருசியைக் கரைத்துவிடுகிறது.

கல்லுப்பைப் பொடித்து, கிலோவுக்கு 12 கிராம், அதாவது 5 கிலோவுக்கு 60 கிராம், தோலுக்கு மேலும் கீழும் வயிற்றுக்குள்ளும் தடவுங்கள். மூடாமல் ஐஸ் பெட்டியில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், பிறகு அந்தத் தண்ணீரோடு தானும் உள்ளே போகும். தோல் காகிதம் மாதிரி காய்ந்துவிடும். அந்தத் தோல்தான் நெருப்பில் மொறுமொறுக்கும்.

தீவுக்காரி | 15 டிசம்பர், இரவு 8.50

இடப் பிரச்சினை உண்மைதான் அண்ணே. ருசி கரைகிறது என்பதற்கு நான் உடன்பட மாட்டேன். வெறும் உப்புத் தண்ணீர் என்றால் சரி, மசாலா கொதித்து ஆறிய தண்ணீர் என்றால் வீடே மணக்கிறது. இரண்டு ஐஸ் பெட்டி இருக்கிற வீட்டுக்கு என் வழி, ஒன்று இருக்கிற வீட்டுக்கு உங்கள் வழி.

செந்தூல்வாசி | 16 டிசம்பர், காலை 8.05

உறையைப் படித்தேன். கரைசல் ஏற்றியதாக எதுவும் இல்லை. ஐஸ் பெட்டி ஒன்றுதான், ஆகவே உலர் உப்பு.

அக்கா, உங்கள் கால், நெஞ்சுக் கணக்கை ராத்திரி முழுக்க யோசித்தேன். மறுக்க முடியவில்லை. ஆனால் முழுப் பறவையை விடவும் முடியவில்லை. என் அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேசையிலேயே வெட்டி ஆளாளுக்குப் பரிமாறுவார். அது சாப்பாடு மட்டும் இல்லை எங்களுக்கு. நடுவில் ஒரு வழி இல்லையா? அரை மணிக்கு ஒரு தரம் வெண்ணெய்ச் சாறை எடுத்து மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் நெஞ்சு காப்பாற்றப்படும் என்கிறார் மாமியார்.

கரியடுப்பு | 16 டிசம்பர், காலை 8.30

ஊற்றும் சாறு தோலைத் தாண்டிக் கறிக்குள் போகாது. ஓவனைத் திறக்கத் திறக்கச் சூடு இறங்கி நேரம்தான் நீளும். மாமியாரைக் கிரேவிக்கு உட்கார வையுங்கள்.

நடு வழி இருக்கிறது. முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டுப் பறவையைக் கவிழ்த்து, நெஞ்செலும்பு முறியும்படி உள்ளங்கையால் ஓங்கி அழுத்துங்கள். புத்தகம் விரித்த மாதிரி தட்டையாகிவிடும். கால்கள் வெளி ஓரத்துக்கு வந்து நேரடிச் சூடு வாங்கும், தடித்த நெஞ்சு நடுவில் மெதுவாக வேகும். அக்காவின் கணக்கு அப்படியே நிறைவேறும், பறவையும் ஒரே துண்டு. 220 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தோல் முழுக்க மேலே பார்த்திருப்பதால் ஒரு இடமும் சொதசொதப்பு இல்லை. உருகிய பிறகு பசாரில் கோழிக்காரரிடம் கொடுத்தால் முதுகெலும்பை எடுத்துக் கொடுப்பார். வீட்டில் என்றால் நல்ல அடுக்களைக் கத்தரி வேண்டும். ஓவன் தட்டின் அகலத்தை மட்டும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். விரித்த பறவை இடம் கேட்கும்.

கறிவேப்பிலை | 16 டிசம்பர், காலை 9.12

இதை ஏற்கிறேன், முக்கால்வாசி. கால் வெந்துவிடும். ஆனால் அந்தச் சூட்டில், அந்த நேரத்தில், ஜவ்வு முழுசாகக் கரையாது. கடித்து இழுக்க வேண்டியிருக்கும். வயசானவர்கள் வருகிற வீடு, அதை நினையுங்கள்.

மசாலா பற்றியும் ஒன்று. 220 டிகிரியில் கறித்தூள் கருகிக் கசக்கும், தயிரும் சீனியும் அதைவிட வேகமாகக் கருகும். மசாலாப் பறவைதான் வேண்டும் என்றால் 180-க்கு இறக்கி நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது மசாலாவைத் தோலுக்கு அடியில் மட்டும் தடவித் தோலின்மேல் நெய் போடுங்கள். மிளகு, சோம்பு, மஞ்சள், பூண்டு சேர்த்து நெய்யில் குழைத்தால் கருகாமல் வரும். வெள்ளைக்காரர் முறையில் நெஞ்சின் மேல் பன்றிக் கொழுப்புத் துண்டு போர்த்துவார்கள். உங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டார் வருகிறார்கள், அது கூடாது. மாட்டிறைச்சியில் செய்ததும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு ஆகாது. நெய்தான் எல்லாருக்கும் பொது. பாக்கெட் கிரேவித்தூளையும் படித்துப் பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் மாட்டுச் சாறு இருக்கும். பிராந்தி ஊற்றுகிற வழக்கத்தையும் இந்த ஒரு பாத்திரத்தில் விட்டுவிடுங்கள்.

எண்ணெய்ச்சட்டி | 16 டிசம்பர், காலை 10.03

அடுக்குமாடியில் பொரிக்கக் கூடாது என்பதில் வெப்பமானி தங்கச்சிக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் தரைவீட்டுக்காரர்கள் பயந்து விலகிப் போக வேண்டாம். முழுசாக உருகி, துடைத்து, உலர்ந்த பறவை. மட்டம் பார்த்த எண்ணெய். மூடி கையெட்டும் தூரத்தில். பிள்ளைகளும் நாயும் வீட்டுக்குள். இத்தனையும் செய்துதான் நாங்கள் பொரிக்கிறோம். ருசியில் மேலே சொன்ன எல்லா முறைகளையும் இது தோற்கடிக்கும், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

வெப்பமானி | 16 டிசம்பர், மதியம் 12.15

செந்தூல்வாசி அண்ணனுக்கு நாள் கணக்கு. 20-ஆம் தேதி ராத்திரி ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பெட்டிக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். 23 ராத்திரி உருகியிருக்கும். முதுகெலும்பை எடுத்து உப்புத் தடவி மூடாமல் வையுங்கள். கீழே சாறு சொட்டாத ஆழமான தட்டு, பக்கத்தில் பச்சையாகச் சாப்பிடும் எதுவும் வேண்டாம். 25 காலை ஓவன்.

தெர்மாமீட்டர் நெஞ்சில் 70 காட்டும்போதே இறக்கலாம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இறக்கிய பிறகும் உள்ளே நாலைந்து டிகிரி ஏறும் என்பது உண்மை. ஆனால் குத்தியபடியே வைத்து 74 தொடுவதைக் கண்ணால் பாருங்கள். தொடாவிட்டால் திரும்ப உள்ளே. வயசானவர்களும் கர்ப்பிணிகளும் வருகிற வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இருபது, முப்பது நிமிடம் ஆற விட்டு வெட்டினால் சாறு பலகையில் ஓடாது.

மதியம் வெட்டிய கறியை மாலை வரை மேசையில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறுவது நம் திறந்த இல்ல உபசரிப்பு வழக்கம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் போகும் மதியத்தில் ஒரு மணி நேரம்தான். பாதியை உள்ளே வைத்துவிட்டுப் பிறகு வருகிறவர்களுக்குச் சுட வைத்துக் கொடுங்கள்.

தீவுக்காரி | 16 டிசம்பர், மதியம் 1.40

மிஞ்சினதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பூலாவ் தீக்குஸில் எங்கள் பக்கத்துவீட்டு யூரேசிய (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு) குடும்பம் 26-ஆம் தேதி டெவில் கறி வைப்பார்கள். மலாக்காவின் போர்த்துகீசிய வம்சாவளியினர் வழியாக வந்தது. கிறிஸ்துமஸில் மிஞ்சின வாட்டிய கறி எல்லாம் அதில் போகும். மிளகாய், வெங்காயம், லெங்குவாஸ் (அரத்தை), பூவா கெராஸ் கொட்டை அரைத்து வதக்கி, கடுகும் வினிகரும் சேர்த்து இறக்குவார்கள். வெந்த கறி என்பதால் கடைசியில்தான் போட வேண்டும். நெஞ்சு கொஞ்சம் வறண்டிருந்தாலும் அந்தப் புளிப்பிலும் காரத்திலும் தெரியவே தெரியாது. என் கணக்குக்கு 25-ஐ விட 26 சாப்பாடுதான் மேல்.

பழைய_கிள்ளான்_சாலை | 16 டிசம்பர், மாலை 4.25

வினிகருக்குப் பதில் புளி ஊற்றினால் ஆகுமா?

தீவுக்காரி | 16 டிசம்பர், மாலை 4.51

ஊற்றலாம், ஆனால் அது வேறு கறி ஆன்ட்டி. வினிகரின் கூர்மைதான் அதன் குணம்.

செந்தூல்வாசி | 16 டிசம்பர், இரவு 9.30

முடிவு பண்ணிவிட்டேன். விரித்த பறவை, உலர் உப்பு, தோலுக்கடியில் மிளகு சோம்பு நெய், 220 டிகிரி. ஓவன் தட்டை அளந்தேன், இடம் சரியாக இருக்கிறது. மேசைக்கு ஒரே துண்டாக வரும், அப்பா பாணியில் அங்கேயே வெட்டுவேன். இருபது பேருக்குக் காணாது என்பதை அக்கா சொன்ன பிறகுதான் கணக்குப் பார்த்தேன். கூட ஆட்டுப் பெரட்டலும் உருளைக்கிழங்கும் தங்கை பொறுப்பு. தங்கைக்கும் பெரட்டல் கிடைத்தது.

கறிவேப்பிலை | 16 டிசம்பர், இரவு 10.05

சரி தம்பி. ஆனால் கால் விசயத்தில் நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். மேசையில் அழகாக விரித்துக் காட்டுங்கள், நெஞ்சை வெட்டிப் பரிமாறுங்கள். கால்களை மட்டும் உள்ளே எடுத்துப் போய், கொதிக்கிற சாற்றில் மூடி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். நெஞ்சைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் கால் பதமாகிவிடும், இரண்டாவது சுற்றுக்குக் கொண்டு வரலாம்.

அந்தச் சாற்றுக்கு 23-ஆம் தேதி எடுத்த முதுகெலும்பும் கழுத்தும் போதும். எறிந்துவிடாதீர்கள். 24 ராத்திரியே வெங்காயம், மிளகு, செராய் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டி வையுங்கள். கிரேவிக்கும் அதுதான். 25 காலையில் அடுப்பில் ஒரு கண் மிச்சமாகும்.